சிவாஜிநகர் மாதா கோயிலைப் பார்ப்பது எப்படி? கோத்திக் கட்டடக்கலைக்கு ஓர் எளிய அறிமுகம்

பெங்களூரு சிவாஜிநகரில் ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் போகிறவர்கள் அந்தக் கோபுரத்தைப் பார்க்காமல் வர முடியாது. சுமார் 160 அடி உயரம், உச்சியில் சிலுவை. திருச்சபை ஏடுகளில் அது புனித மரியன்னை பசிலிக்கா. இங்குள்ள தமிழர்களுக்கு மாதா கோயில். காய்கறிப் பையோடு நுழைந்து, மெழுகுவர்த்தி ஏற்றி, ஐந்து நிமிடம் முழங்காலிட்டுவிட்டு பஸ் பிடிக்க ஓடுகிறவர்கள் தினமும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் கிறிஸ்தவர்களே அல்ல.

சுற்றுலா வழிகாட்டிகள் எல்லாம் இது கோத்திக் பாணியில் கட்டப்பட்டது என்று சொல்லும். கோத்திக் என்றால் என்ன என்று கேட்டால், கூரான கோபுரம், கலர் கண்ணாடி என்பதோடு பேச்சு நின்றுவிடும். அது சரிதான், ஆனால் பாதிதான். கோத்திக் கட்டடத்தில் நம் கண்ணுக்கு அழகாகப் படுகிற ஒவ்வொன்றும் ஒரு பாரத்தைச் சுமக்கிற வேலையில் பிறந்தது. இத்தனை டன் கூரையைத் தரைக்கு எப்படி இறக்குவது, இறக்கும்போதே உள்ளே எப்படி வெளிச்சம் கொண்டுவருவது என்ற இரண்டு கேள்விகள்தான் மொத்தக் கதையும். அது பிடிபட்டுவிட்டால் சிவாஜிநகர் கோயிலை மட்டுமல்ல, சாந்தோம், வேளாங்கண்ணி, பாண்டிச்சேரி என்று எந்த ஊர்க் கோயிலையும் நீங்களே படித்துவிடலாம்.

பாரம் எங்கே போகிறது?

எந்தக் கட்டடத்தையும் புரிந்துகொள்ள முதலில் கூரையைப் பற்றி யோசிக்க வேண்டும். சுவர் தன்பாட்டுக்கு நின்றுவிடும். கூரைதான் விழப் பார்க்கும்.

கல்லுக்கு ஒரு குணம் உண்டு. மேலிருந்து எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும். வளைந்துகொடுக்கச் சொன்னால் உடைந்துவிடும். இரண்டு தூண்களின் மேல் நீளமான ஒரு கல் உத்தரத்தை வைத்தால், அந்த உத்தரத்தின் அடிப்பக்கம் இழுபடும். கல்லுக்கு இழுவிசை ஆகாது. அதனால் தூண்களை நெருக்கி நெருக்கி நிறுத்தியாக வேண்டும். நம் கோயில் மண்டபங்களில் தூண்கள் காடுபோல நிற்பதற்கு இது முக்கியமான காரணம். மதுரை ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள். சிவாஜிநகரிலிருந்து சிறிது தூரத்தில் இருக்கும் அல்சூர் சோமேஸ்வரர் கோயில் மண்டபமும் இதே முறையில்தான் நிற்கிறது. நம் சிற்பிகள் இந்தக் கட்டாயத்தை ஒரு வாய்ப்பாகவே எடுத்துக்கொண்டார்கள்: தூண் தவிர்க்க முடியாதது என்றால், ஒவ்வொரு தூணும் ஒரு சிற்பமாக இருக்கட்டும் என்று செதுக்கினார்கள். சுமார் 200 அடி உயரத் தஞ்சை விமானத்தில்கூட வளைவு கிடையாது. கல் வரிசைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளி எழுப்பியிருக்கிறார்கள்.

ஐரோப்பாவில் ரோமானியர் காலத்திலிருந்து இன்னொரு வழி இருந்தது. அதுதான் வளைவு. சிறுசிறு கற்களை ஆப்பு வடிவில் செதுக்கி, அரைவட்டமாக அடுக்கினால் ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை அழுத்தும். எந்தக் கல்லும் வளைய வேண்டியதில்லை, எல்லாமே அழுத்தத்தில் நிற்கும். கல்லுக்குப் பிடித்த வேலை. தூண் இல்லாமலே பெரிய இடைவெளியைத் தாண்டிவிடலாம்.

ஆனால் வளைவுக்கு ஒரு தொல்லை உண்டு. இரண்டு புத்தகங்களை மேசைமேல் ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திப் பாருங்கள். மேலே ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். கீழே இரண்டும் வெளிப்பக்கம் வழுக்கிப் போகப் பார்க்கும். வளைவும் அப்படித்தான், தன் பாரத்தைக் கீழே இறக்குவதோடு பக்கவாட்டிலும் தள்ளும். அந்தத் தள்ளலைத் தடுக்க ஆள் வேண்டும். கோத்திக்குக்கு முந்தைய ஐரோப்பியக் கோயில்களில் அந்த ஆள் சுவர்தான். ஏழெட்டு அடிவரைகூடத் தடிமனான சுவர்கள். அப்படிப்பட்ட சுவரில் பெரிய சன்னல் வைத்தால் அதன் பலம் போய்விடும். அதனால் சன்னல்கள் சின்னச்சின்னப் பொந்துகளாக இருந்தன. உள்ளே பகலிலும் இருட்டு.

அதே புத்தகங்களை இன்னும் செங்குத்தாக நிறுத்துங்கள். வழுக்கல் குறைகிறது அல்லவா? அரைவட்டத்தை விட்டுவிட்டு உச்சியில் கூராக முடிகிற வளைவைக் கட்டினால் நடப்பது இதுதான். பாரத்தில் பெரும்பகுதி நேராகக் கீழே இறங்கும். பக்கவாட்டுத் தள்ளல் குறையும்.

கூர்வளைவில் இன்னொரு வசதியும் இருக்கிறது, கட்டுகிறவர்களுக்கு அதுதான் பெரிய விடுதலை. அரைவட்டத்தின் உயரம் உங்கள் கையில் இல்லை. 20 அடி அகலத்துக்கு அரைவட்டம் போட்டால் அது சரியாக 10 அடிதான் எழும். கூர்வளைவில் அகலம் ஒன்றாக இருந்தாலும் உயரத்தை வேண்டியபடி வைத்துக்கொள்ளலாம். காகிதத்தில் வரைந்து பார்க்கலாம்: 20 அடிக்குச் சமமாக ஒரு கோடு போட்டு, அதன் ஒரு முனையில் காம்பஸ் முள்ளை வைத்து மறுமுனையைத் தொடும் அளவுக்கு விரித்து ஒரு வில் போடுங்கள். அப்புறம் மறுமுனையிலிருந்தும் அதேபோல ஒன்று. இரண்டும் சந்திக்கும் இடம் 17 அடிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். காம்பஸை இன்னும் விரித்தால் வளைவு இன்னும் உயரும். கூரையின் ஒரே கட்டத்தில் அகலமான பக்கத்து வளைவையும் குறுகிய பக்கத்து வளைவையும் ஒரே உயரத்தில் முடிக்க இந்தச் சுதந்திரம் உதவியது. கூரைகள் ஒன்றோடொன்று பிசகாமல் சேர்ந்தன.

மூன்று உறுப்புகள்

கூர்வளைவு மட்டும் இருந்தால் கோத்திக் ஆகிவிடாது. கூர்வளைவு ஐரோப்பியர் கண்டுபிடித்ததும் இல்லை. கெய்ரோவில் 879இல் கட்டி முடிக்கப்பட்ட இப்னு துலூன் மசூதியில் கூர்வளைவுகள் வரிசையாக நிற்கின்றன. கர்நாடகத்துக்கும் அது பழையது: பாமனி சுல்தான்கள் காலத்தில், 1367இல் எழுந்த குல்பர்கா ஜாமி மசூதிக்குள் போனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் வளைவுகள்தான். சிவாஜிநகரில் மாதா கோயிலையும் சுற்றியுள்ள மசூதிகளையும் ஒரே நடையில் பார்க்க வாய்ப்பிருக்கிறது. வளைவுகள் ஒன்றுக்கொன்று உறவு சொல்வது சும்மா இல்லை.

கூர்வளைவோடு வேறு இரண்டைச் சேர்த்ததுதான் கோத்திக் கொத்தனார்களின் சாதனை. ஒன்று, கூரையில் ஓடும் விலா. கூரை முழுவதையும் ஒரே தடிமனில் கட்டாமல், முதலில் கல் விலாக்களைக் குறுக்கும் நெடுக்குமாக எழுப்பி, அவற்றுக்கு நடுவே உள்ள இடத்தை மெல்லிய கல்லால் நிரப்பினார்கள். கூரையின் எடை குறைந்தது. இருக்கிற எடையும் விலாக்கள் வழியாக ஓடி, குறிப்பிட்ட சில புள்ளிகளில் வந்து இறங்கியது. அந்தப் புள்ளிகளில் தூண் இருந்தால் போதும்.

இரண்டாவது, வெளியே இருந்து கொடுக்கும் முட்டு. எஞ்சியிருக்கும் பக்கவாட்டுத் தள்ளலைத் தடுக்க, சுவருக்கு வெளியே சரியாக அந்தப் புள்ளிகளுக்கு எதிரே முட்டுச்சுவர்களை நிறுத்தினார்கள். மிகப் பெரிய கோயில்களில் இந்த முட்டு சுவரை ஒட்டி இருக்காது. தள்ளி நிற்கும் ஒரு கல்தூணிலிருந்து அரைவளைவு ஒன்று அந்தரத்தில் பாய்ந்து வந்து கூரையின் தோளைப் பிடித்துக்கொள்ளும். பாரிஸ் நோட்ர டாம் பேராலயத்தின் பின்பக்கப் படங்களில் விலாவெலும்புகள்போலத் தெரிவது அதுதான்.

இந்த மூன்றும் சேர்ந்தபோது சுவருக்கு வேலை இல்லாமல் போனது. பாரம் தூணிலும் முட்டிலும் போய்விட்டதால், இடையில் இருக்கும் சுவரை எடுத்துவிட்டுக் கண்ணாடியை வைக்கலாம். கோத்திக்கின் உச்சம் இதுதான் என்பது என் எண்ணம். கூர்கோபுரத்தைவிட, சுவர் இருந்த இடத்தில் வெளிச்சம் வந்து நிற்பது பெரிய விஷயம்.

இவை ஒன்றாகச் சேர்ந்த இடம் என்று பாரிஸ் அருகேயுள்ள சாந்-தெனி மடாலயக் கோயிலைச் சொல்வார்கள். அதன் தலைமைத் துறவி சுஜேர் பூசை நடக்கும் பீடப் பகுதியைப் புதிதாகக் கட்டி 1144இல் அர்ச்சித்தார், அதாவது வழிபாட்டுக்கு அர்ப்பணித்தார். வெளிச்சம் மனதை இறைவனிடம் உயர்த்தும் என்பது அவர் நம்பிக்கை. கொத்தனார்கள் அந்த நம்பிக்கைக்குக் கல்லில் வழி கண்டார்கள். அடுத்த நூறு வருடங்களில் பிரெஞ்சு நகரங்கள் ஒன்றோடொன்று போட்டி போட்டு உயரம் ஏற்றின. பொவே நகரத்தில் பீடத்துக்கு மேலான கூரையை 48 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோனார்கள். 1284இல் அதில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. கணிதச் சூத்திரம் வைத்துக் கட்டவில்லை அவர்கள். கட்டி, விரிசலைப் பார்த்து, அதற்கு முட்டு கொடுத்து, அடுத்த கோயிலில் திருத்தி என்று அனுபவத்தில் கற்றார்கள். அதை நினைத்தால் நிற்கிற ஒவ்வொரு கோயில்மீதும் மதிப்பு கூடுகிறது.

1882இல் எதற்கு கோத்திக்?

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். கோத்திக் பாணி ஐரோப்பாவில் 12 முதல் 16ஆம் நூற்றாண்டு வரை இருந்தது. சிவாஜிநகர் கோயிலோ 1882இல் அர்ச்சிக்கப்பட்டது. நடுவில் முந்நூறு வருட இடைவெளி. இந்தியாவில் நாம் பார்க்கும் கோத்திக் கட்டடங்கள் ஏறக்குறைய எல்லாமே 19, 20ஆம் நூற்றாண்டுகளில் அந்தப் பழைய பாணியை மீட்டெடுத்துக் கட்டியவை. இதை நவ கோத்திக் என்பார்கள்.

தொழிற்சாலைப் புகை சூழ்ந்த 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில், பழைய காலத்துக் கைவேலையும் பக்தியும் திரும்ப வேண்டும் என்ற ஏக்கம் பலமாக இருந்தது. லண்டனில் 1834இல் பழைய நாடாளுமன்றம் எரிந்தபோது, புதியதைக் கோத்திக் பாணியிலேயே கட்டினார்கள். பிரான்சில் நோட்ர டாம் உள்ளிட்ட பழைய கோயில்களைப் புதுப்பிக்கும் வேலை மும்முரமாக நடந்தது. அந்த அலை இங்கேயும் வந்தது. மும்பை கொலாபாவில் 1858இல் அர்ச்சிக்கப்பட்ட ஆஃப்கான் சர்ச் இந்தியாவின் முதல் நவ கோத்திக் கோயில்களில் ஒன்று. 1888இல் முடிந்த மும்பை விக்டோரியா டெர்மினஸில் ரயில் நிலையத்துக்கே கோத்திக் உடுப்பு போட்டார்கள்.

தென்னிந்தியக் கத்தோலிக்கக் கோயில்களுக்கு ஆங்கிலேயர் வழியைவிட பிரெஞ்சு வழி முக்கியம். பாண்டிச்சேரியை மையமாக வைத்து இயங்கிய பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபைக் குருக்கள்தான் பெங்களூருவிலும் மைசூர்ப் பகுதியிலும் பணியாற்றினார்கள். கோயில் என்றதும் அவர்கள் மனதில் எழுந்தது சொந்த ஊர்க் கோத்திக் கோயில்தான். பாண்டிச்சேரி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், 1907இல் கட்டி முடித்த திரு இருதய ஆண்டவர் கோயில் சிவாஜிநகர் கோயிலின் தங்கைபோல இருப்பதற்கு இதுவே காரணம்.

செஞ்சியிலிருந்து வந்தவர்களின் கோயில்

கட்டடம் பிரெஞ்சுக்காரர் கற்பனையில் உதித்திருக்கலாம். ஆனால் கோயிலின் வேர் தமிழ். 17ஆம் நூற்றாண்டில் செஞ்சிப் பக்கமிருந்து பெங்களூரு வந்து குடியேறிய தமிழ்க் கிறிஸ்தவர்களின் வழிபாட்டிலிருந்துதான் இந்தக் கோயிலின் வரலாற்றைத் தொடங்குகிறார்கள். முதலில் இதற்குக் காணிக்கை மாதா கோயில் என்று பெயர்.

திப்பு சுல்தான் 1799இல் வீழ்ந்த பிறகு இங்கே வந்தவர் அபே துபுவா என்ற பிரெஞ்சுக் குரு. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1792இல் நாட்டை விட்டு வந்தவர். உள்ளூர்க்காரர்களைப் போலவே உடுத்து, அவர்களோடு வாழ்ந்தவர். மைசூர்ப் பகுதியில் அம்மைத் தடுப்பூசி பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1803இல் அவர் இங்கே ஒரு சின்னக் கோயில் எழுப்பினார். 1813இல் பாண்டிச்சேரியிலிருந்து வந்த அந்திரேயாஸ் என்ற குரு அதைச் சிலுவை வடிவில் பெரிதாக்கினார்.

நடுவில் 1809 ஒரு முக்கியமான வருடம். ஸ்ரீரங்கப்பட்டணத்தின் மலேரியாவைத் தாங்க முடியாத ஆங்கிலேயப் படை பெங்களூருவுக்கு மாறி, கண்டோன்மென்ட் பிறந்தது. மதராஸ் படைப் பிரிவுகளோடு வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு பக்கங்களிலிருந்து தமிழர்கள் ஏராளமாக வந்தார்கள்: சிப்பாய்கள், வண்டிக்காரர்கள், சமையல்காரர்கள், கொத்தனார்கள், கடைக்காரர்கள். அன்று பிளாக்பள்ளி என்று அழைக்கப்பட்ட இன்றைய சிவாஜிநகரும் அல்சூரும் தமிழ் பேசும் இடங்களானது அப்படித்தான். 1881இல் மைசூர் ராஜ்ஜியத்தை உடையார்களிடம் திருப்பிக் கொடுத்தபோதும் கண்டோன்மென்ட்டை ஆங்கிலேயர் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். அது 1947 வரை நீடித்தது. இரண்டு பெங்களூரு என்று பழைய ஆட்கள் பேசுவது அதைத்தான்.

கூட்டம் பெருகியது, கோயில் போதவில்லை. பங்குத்தந்தையாக இருந்த கிளைனர் இப்போது நாம் பார்க்கும் கோயிலைக் கட்டினார். மாதாவின் பிறந்தநாளான செப்டம்பர் 8 அன்று, 1882இல் அது அர்ச்சிக்கப்பட்டது. அவர் பிற்பாடு மைசூர் மறைமாவட்டத்துக்கே ஆயரானார்.

1973 செப்டம்பரில் திருத்தந்தை ஆறாம் பவுல் இதைப் பசிலிக்காவாக உயர்த்தினார். 1974 ஜனவரி 26 அன்று அந்த விழா நடந்தது. பசிலிக்கா என்பது கட்டடப் பாணியைக் குறிக்கும் பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். திருச்சபையில் அது ஒரு தகுதி. ரோமில் இருக்கும் நான்கு கோயில்கள் பெரிய பசிலிக்காக்கள். உலகின் மற்ற பசிலிக்காக்கள் எல்லாம் சிறிய பசிலிக்காக்கள் என்ற வகையில் வரும். சாந்தோம் 1956இலும் வேளாங்கண்ணி 1962இலும் இந்தத் தகுதியைப் பெற்றன. கர்நாடகத்தில் முதலில் பெற்றது சிவாஜிநகர்தான். திருத்தந்தையின் குறுக்குச் சாவிகள் சின்னத்தைப் பயன்படுத்தும் உரிமை இந்தத் தகுதியோடு வருகிறது.

இப்போது உள்ளே போகலாம்

முதலில் வெளியே, சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்று கோபுரத்தைப் பாருங்கள். ஒரே கோபுரம், அது முகப்பின் நடுவில். மைசூர் புனித பிலோமினா கோயிலுக்கு இரட்டைக் கோபுரம், அதனால் அங்கே பார்வை இரண்டாகப் பிரியும். இங்கே மொத்தக் கட்டடமும் ஒரே கோடாக மேலே இழுக்கிறது. கோபுரத்தைச் சுற்றி, உச்சியில் சிலுவை வைத்த சிறுகூம்புகள் நிற்கின்றன. ஐரோப்பியக் கோத்திக்கில் இந்தச் சிறுகூம்புகளுக்கும் ஒரு வேலை இருந்தது. முட்டுச்சுவரின் தலையில் அவை ஏறி உட்கார்ந்தால் அந்த எடை, பக்கவாட்டில் வரும் தள்ளலைக் கீழ்நோக்கித் திருப்பிவிடும். அலங்காரம் என்று நாம் நினைப்பது எடைக்கல்லாகவும் இருக்கலாம்.

கோபுரத்தில் செங்கல் வேலைப்பாடு இருப்பதையும் கவனியுங்கள். பாரிஸ், ஷார்த்ர் போன்ற ஊர்களின் கோத்திக் கோயில்கள் சுண்ணாம்புக்கல்லில் கட்டப்பட்டவை. அது உளிக்கு இணங்கும், பூவேலை எடுக்கலாம். பெங்களூருவின் கல் வேறு. லால்பாக் பாறைமேல் ஏறி நின்றவர்களுக்குத் தெரியும், உலகின் மிகப் பழைய, மிகக் கடினமான பாறை வகைகளில் ஒன்று அது. அதில் சன்னல் சன்னலாகப் பின்னல் வேலை செய்வது பெரும்பாடு. தென்னிந்தியாவின் கோத்திக் கோயில்கள் பலவற்றில் நுண்ணிய வேலைகள் செங்கல்லுக்கும் சுண்ணச் சாந்துக்கும் போனது அதனால்தான். சாந்து வேலையில் நம் கொத்தனார்களுக்கு இருந்த கைத்திறன் கோயில் கோபுரச் சுதைகளிலேயே தெரிந்த ஒன்று. பாணி வெளியிலிருந்து வந்தாலும், அதற்கு உடம்பு கொடுத்தது இந்த மண்ணின் பொருளும் கையும்.

உள்ளே நுழைந்ததும் உடனே பீடத்தை நோக்கி நடந்துவிடாதீர்கள். வாசலுக்குச் சற்று உள்ளே நின்று தூண்களைப் பாருங்கள். நடுவில் அகலமான கூடம், இருபக்கமும் தூண் வரிசை, அதைத் தாண்டிப் பக்கக்கூடங்கள். தூண்களின் உடம்பில் பல கோடுகள் ஓடும், பல மெல்லிய தண்டுகளைக் கட்டாகக் கட்டியதுபோல. இதைக் கொத்துத்தூண் என்று சொல்லலாம். ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மேலே கொண்டுபோங்கள்; அது வளைவுக்குள் போய்ச் சேரும். மேலிருந்து வரும் ஒவ்வொரு பாரத்துக்கும் தூணில் ஒரு கோடு என்பது இதன் பழைய தர்க்கம். இதனால் கண் கீழே தங்காது.

தூணின் தலையில் இருக்கும் இலை வேலைப்பாட்டைப் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடும். நம் கோயில் தூணுக்கு, உத்தரத்தைத் தாங்க மேலே வைக்கும் போதிகை எப்படியோ, இங்கே இந்தத் தலைப்பகுதி அப்படி. இலைகள் சுருண்டு நிற்கும் இந்த வகை கிரேக்க, ரோமானிய மரபிலிருந்து வந்தது, கொரிந்தியன் என்பார்கள். முதிர்ந்த இடைக்காலக் கோத்திக்கில் இது அரிது. 19ஆம் நூற்றாண்டில் கட்டியவர்களுக்கு எல்லாக் காலங்களின் பாணிகளும் கைக்குக் கிடைத்தன, பிடித்ததைச் சேர்த்துக்கொண்டார்கள். பாணி சுத்தமாக இல்லை என்று இதைக் குறையாகப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அது குறையாகப் படவில்லை. எந்தக் காலத்தில் கட்டியது என்று கட்டடமே ஒப்புக்கொள்கிறது.

அடுத்து கண்ணாடி. இதற்கு நேரம் ஒதுக்குங்கள். வண்ணக் கண்ணாடி என்பது வெள்ளைக் கண்ணாடிமேல் பெயின்ட் அடித்தது இல்லை. கண்ணாடியை உருக்கும்போதே உலோகங்களைக் கலப்பார்கள்: கோபால்ட் நீலம் தரும், செம்பு சிவப்பும் பச்சையும் தரும், மாங்கனீசு ஊதா தரும். நிறம் கண்ணாடியின் உடம்பிலேயே இருப்பதால் நூற்றாண்டுகள் ஆனாலும் வெளுக்காது. அந்தத் துண்டுகளை வடிவத்துக்கு வெட்டி, ஈயப் பட்டைகளால் ஒன்றோடொன்று கோத்து, முகம், விரல், துணி மடிப்பு போன்றவற்றைக் கருநிற வண்ணத்தால் தீட்டிச் சூளையில் சுடுவார்கள். சாளரத்தில் தெரியும் கறுப்புக் கோடுகள் ஓவியன் போட்டவை மட்டும் அல்ல, பாதி ஈயம்தான்.

சிவாஜிநகர் கோயிலின் கண்ணாடிகளுக்கு ஒரு தனிக் கதை உண்டு. இரண்டாம் உலகப் போர் நேரத்தில் அவற்றைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். பெங்களூரு அப்போது முக்கியமான ராணுவ நகரம். 1940இல் விமானத் தொழிற்சாலையும் வந்திருந்தது. போர் முடிந்து, 1947இல்தான் கண்ணாடிகள் மறுபடி சன்னலேறின. 1990களில் மீண்டும் பழுது பார்த்தார்கள். ஈயத்துக்கு வயதானால் தளர்ந்து வளையும், அதனால் இந்த வேலை தலைமுறைக்கு ஒருமுறை தேவைப்படும். காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்ந்திருக்கும்போது போனால் நிறங்கள் நன்றாக எடுபடும். உச்சிவெயிலில் வெளிச்சம் மேலிருந்து விழுவதால் சாளரங்கள் சற்று மங்கும்.

ஐரோப்பாவில் மழைமேகம் மூடிய வானத்திலிருந்து இருக்கிற வெளிச்சத்தை எல்லாம் உள்ளே இழுக்கத்தான் பெரிய சன்னல் வைத்தார்கள். நமக்கு வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. இங்கே அதே வண்ணக் கண்ணாடி வெயிலின் கூச்சத்தை அடக்கிக் கொடுக்கிறது. வெளியே மார்க்கெட் வெயிலிலிருந்து உள்ளே காலை வைத்ததும் கண்ணும் உடம்பும் சட்டென்று தணிவதை உணர்வீர்கள். பாணி ஒன்று, ஊர் மாறியதும் அது செய்யும் வேலை தலைகீழாகிவிட்டது. பெங்களூரு கோத்திக்கைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய மாதா சுரூபம் சுமார் ஆறடி உயரம். வருடம் முழுக்கச் சேலை கட்டியிருப்பார். நேர்த்திக்கடனாகச் சேலை கொண்டுவந்து கொடுக்கிற வழக்கம் வேளாங்கண்ணியிலும் உண்டு, வேளாங்கண்ணிக்குப் போக முடியாதவர்கள் பலர் அந்த நேர்த்தியை இங்கே செலுத்துகிறார்கள். ஆகஸ்ட் 29 அன்று கொடியேற்றம், தொடர்ந்து நவநாள் என்ற ஒன்பது நாள் ஜெபம், செப்டம்பர் 8 அன்று தேர். அந்த நாட்களில் காவிச் சேலை உடுத்திக் கோயிலுக்கு வரும் பெண்களை சிவாஜிநகர் எங்கும் பார்க்கலாம். தமிழ், கன்னடம், ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் பூசை நடக்கும். கட்டடம் பார்க்க வருகிறவர்கள் அந்த வாரத்தைத் தவிர்ப்பது நல்லது, தூணைப் பார்க்கவே இடம் இருக்காது. ஆனால் கோயில் யாருடையது என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வாரம் கிடையாது. 1882இல் கிளைனர் கட்டியது இவ்வளவு பெரிய கூட்டத்துக்குத்தான் என்பது அப்போது புரியும்.

அடுத்து எங்கே?

ஒரு பாணி மனதில் பதிய அதற்கு எதிரானதைப் பார்ப்பது நல்ல வழி. மகாத்மா காந்தி சாலை முனையில் இருக்கும் புனித மாற்கு பேராலயத்துக்குப் போங்கள். லண்டன் புனித பால் பேராலயத்தை மனதில் வைத்துக் கட்டியது. அங்கே அரைவட்ட வளைவுகளும் குவிமாடமும் இருக்கும். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், ஒன்று மேலே இழுப்பதும் இன்னொன்று நிதானமாக விரிந்து உட்கார்ந்திருப்பதும் விளக்கமே இல்லாமல் தெரியும். அப்புறம் அல்சூர் சோமேஸ்வரர் கோயில் மண்டபத்தில் போய் நின்று, தூண்களுக்கு நடுவே உள்ள தூரத்தைக் காலடியால் அளந்து பாருங்கள். மாதா கோயிலின் நடுக்கூட அகலத்தோடு ஒப்பிட்டால், உத்தரத்துக்கும் வளைவுக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் காலுக்கே தெரிந்துவிடும்.

ஊருக்குப் போகும்போது பாண்டிச்சேரி வழியாகப் போகிறவர்கள் திரு இருதய ஆண்டவர் கோயிலில் இறங்கலாம். சென்னைக்காரர்களுக்கு 1896இல் புதுப்பித்துக் கட்டிய சாந்தோம் இருக்கிறது. எங்கே போனாலும் ஒரே முறைதான்: முதலில் ஒரு வளைவைப் பிடித்துக்கொள்ளுங்கள், அது கூரா அரைவட்டமா என்று பாருங்கள், பிறகு அதன் பாரம் எந்தத் தூண் வழியாக இறங்குகிறது என்று கண்ணால் தொடருங்கள். அப்புறம் வெளியே வந்து கோயிலை ஒரு சுற்று சுற்றி, சன்னல்களுக்கு நடுவே சுவர் எங்கெல்லாம் வெளியே புடைத்து நிற்கிறது என்று தேடுங்கள். பூசை நேரத்தில் சுற்றி நடப்பதும் படம் எடுப்பதும் வேண்டாம். பூசை முடிந்து பத்து நிமிடம் கழித்து கூட்டம் கலைந்ததும் கேமராவை எடுக்கலாம்.